கடைசி மார்க் வாங்கின மாடல்

எங்க ஊட்டுக்காரர் அருணகிரிக்கு ஒரு கணக்கு உண்டுங்க. என் தம்பி மாதேஸ்வரன் எதைச் சொன்னாலும் அதுக்கு நேர்மாறாச் செய்வாரு. கிழங்கு வெலை ஏறும்னு அவன் சொன்னா, இவரு அன்னைக்கே வித்துப்போடுவாரு. இதுவரைக்கும் தோத்ததில்ல. கூடப் பொறந்தவளுக்கு வயிறு எரியுது, ஆனா உண்மை.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்துல எங்களுக்கு ஒரு சின்ன சேகோ பேக்டரி. குச்சிக்கிழங்கை, அதான் மரவள்ளியை, அரைச்சு, மாவை உருட்டி, வறுத்து, சிமெண்டுக் களத்துல வெய்யில்ல காயப்போட்டாத்தான் ஜவ்வரிசி. ஈரத்தோட கெடந்தா புளிச்சுப்போயிரும். இந்த ஐப்பசியில மூடாப்பு வெலகவே இல்ல. எங்க சொந்தக் காட்டு வெள்ளாமை மொத்தமும் உருட்டி வறுத்த ஜவ்வரிசியாக் கொட்டாய்க்குள்ள ஈரமாக் கெடந்துச்சு.

மக யாழினி புனேயில ஆராய்ச்சி பண்றா. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஒலகத்தை ஓடவிட்டு மழை பேய வெப்பாங்களாம், அதுக்குப் பேரு மாடல். நெசத்துல கடல் மேல ஒரு மழைக்கூட்டம் மாசம், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மேக்க இருந்து கெழக்க போகுதாம். அது வந்தா மழை, தாண்டிட்டா வெய்யில். அதை எந்த மாடல் சரியாக் காட்டுதுன்னு மார்க் போடறதுதான் இவ வேலை. நல்லா மார்க் வாங்கினது கொஞ்சம்தானாம்.

இவரு போன் போட்டு, கடைசி மார்க் எதுக்குன்னு கேட்டாரு. ஒண்ணு இருக்குதாம், அதுல மழையும் வெய்யிலும் மாறி மாறி வர்றதே இல்ல, தெனமும் தூறிக்கிட்டே இருக்குமாம். நாளைக்கு என்ன சொல்லுதுன்னாரு. அது தேதி சொல்ற மாடலே இல்லீங்கப்பான்னு அவ தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. தூறுமா தூறாதான்னு இவரு விடல. அதுல என்னைக்கும் தூறத்தான் செய்யும்னு அவ சொன்னா.

போனை வெச்சுட்டு, களத்தைக் கூட்டி ஜவ்வரிசியைக் காயப்போடச் சொன்னாரு.

"ஏனுங்க, அது என்ன மாதேஸ்வரனா?"ன்னு கேட்டேன்.

"தப்பாச் சொல்றதுல ரெண்டும் ஒண்ணுதான்."

மறுநாள் மத்தியானம் வரைக்கும் சுள்ளுன்னு வெய்யில். இவரு என்னைப் பார்த்துப் பார்த்து டீ குடிச்சாரு. அப்புறம் கொல்லிமலைப் பக்கம் கருத்துச்சு. தார்ப்பாயை இழுக்கறதுக்குள்ள கொட்டோ கொட்டுன்னு கொட்டிருச்சு. களம் முச்சூடும் கஞ்சி. நான் நின்ன எடத்துல உக்காந்து அழுதேன்.

இவரு கஞ்சிக்குள்ள நின்னுக்கிட்டே மகளைக் கூப்பிட்டாரு.

"சாமி, அந்தக் கடைசி மாடலுக்கு மார்க்கக் கொஞ்சம் கூட்டிப் போடு. இங்க பேஞ்சுருச்சு."

அவ ஜவ்வரிசி என்னாச்சுன்னு கேட்டா.

இவரு என்னைப் பார்த்தாரு.

"கொட்டாய்க்குள்ள பத்திரமா இருக்குது சாமி. நீ சொன்னதுனாலதான் எடுத்து வெச்சோம்."