கட்டிலடியில் அறுபத்திரண்டு மீட்டர்

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, தபால் நிலையத்துக்குப் பின்புறமுள்ள குடியிருப்பின் இரண்டாம் மாடி வீட்டில் கட்டிலடியின் ஆழம் பதினான்கு மீட்டராக இருந்தது. கட்டிலின் அகலம் ஒன்றரை மீட்டர். அதையொட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அண்டை வீட்டுச் சமையலறை ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

அளந்தவள் அந்த வீட்டுக்காரி. சாலை போடும் நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக சர்வேயர். நாடா பிடித்துப் பார்க்காத எந்தத் தூரத்தையும் நம்பாதவள். கட்டிலடியின் கடைசியில் மின்னிய இரண்டு பச்சைப் புள்ளிகள் அவர்கள் வளர்த்த பூனையின் கண்கள். தினமும் காலையில் ஒவ்வோர் அறையாகப் பார்வையிட்டு வருவதால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். முந்தைய நாள் அதன் சீழ் வைத்த பல்லைப் பிடுங்கிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கூடையைத் திறந்ததும் கட்டிலடிக்குள் புகுந்தது. பிறகு வெளியே வரவில்லை, எதையும் தின்னவும் இல்லை. கணவர் கையை நீட்டினார். கைக்கு எட்டாத தூரத்துக்குப் போனது. அவர்களோடு இருந்த அவருடைய தங்கை ஒட்டடைக் குச்சியை நீட்டினாள். அதற்கும் எட்டாத தூரத்துக்குப் போனது. போகப் போகத் தரை இடம் கொடுத்தது.

பல் பிடுங்கிய மருத்துவர் மதியம் வீட்டுக்கே வந்து, தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். “இது பரவாயில்ல. போன வருஷம் ஒண்ணு பீரோவுக்குப் பின்னாடி ரெண்டு தெரு தள்ளிப் போயிடுச்சு,” என்றார். சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “ஆனா மூணு நாள் பட்டினி கிடந்தா பூனைக்குக் கல்லீரல் கெட்டுடும் மேடம். வியாழக்கிழமைக்குள்ள ஏதாவது உள்ள போகணும். இழுக்காதீங்க. சாப்பாட்டச் சூடு பண்ணி வச்சுட்டுப் பக்கத்துல சும்மா இருங்க.”

சும்மா இருப்பது அவளுக்கு வராத காரியம். மாலையில் அலுவலகத்திலிருந்து லேசர் அளவுகருவியை எடுத்து வந்தாள். சிவப்புப் புள்ளி பூனையின் பாதத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. நலமாக இருந்திருந்தால் பாய்ந்து பிடித்திருக்கும். இப்போது மிரண்டு ஓடியது. கருவி அறுபத்திரண்டு மீட்டர் காட்டியது.

“இன்னும் ரெண்டு தடவ அளந்தீங்கன்னா அடுத்த ஊருக்கே போயிடும் அண்ணி,” என்றாள் நாத்தனார்.

அது விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் புதன்கிழமை காலை, ஒவ்வொரு தடவையும் தூரத்தைக் குறித்துவைத்த அளவுப் புத்தகத்தைப் புரட்டியபோது சர்வேயருக்கு அதுவே தெரிந்தது. யாராவது எட்டிப் பார்த்த பிறகு, கூப்பிட்ட பிறகு, அளந்த பிறகு தூரம் கூடியிருந்தது. ஒரே ஒரு முறை, மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில், பூனை இரண்டு மீட்டர் கிட்டே வந்திருந்தது. அளவெடுத்தே பேர் வாங்கிய ஒருத்தி அடுத்துச் செய்ததைப் பலரும் செய்திருக்க மாட்டார்கள். புத்தகத்தை மூடினாள், கருவியைப் பெட்டிக்குள் வைத்தாள், இரண்டு நாள் விடுப்பு சொன்னாள், கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் படுத்துக்கொண்டாள். வேகவைத்த மீனைச் சூடாக ஒரு தட்டில் வைத்து, திரும்பிப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். ஆறினால் மாற்றினாள். தான் அங்கே இருப்பது பூனைக்குத் தெரியட்டும் என்று, எப்போதோ போட்ட ஒரு சாலையின் மட்ட அளவுகளைத் தணிந்த குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

“அதக் கேட்டா நானே தூங்கிடுவேனே,” என்றார் கணவர் வாசற்படியில் நின்று.

“தூங்குங்க. யாரு வேண்டாம்னா?”

“இப்ப எவ்வளவு தூரத்துல இருக்கு?”

“தெரியாது,” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அவர் கேட்டிராத சொல் அது. அவர் அடுத்த தட்டு மீனைச் சூடு பண்ணப் போனார்.

வியாழக்கிழமை மாலை மூன்றே முக்காலுக்கு அவள் முதுகுக்குப் பின்னால் தட்டு தரையில் உரசியது. அவள் திரும்பவில்லை, அடுத்த அளவைச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, மூன்றரைக் கிலோ எடை அவள் விலாவில் சாய்ந்து படுத்தது. தட்டில் முள் மட்டும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அதன் பிறகு ஆறு வருடம் இருந்தது. கட்டிலடி சுருங்கவில்லை. அதைப் பெருக்க முக்கால் மணி நேரம் பிடித்ததால், மூவரும் வாரத்துக்கு ஒருவராக முறைவைத்துக்கொண்டார்கள்.