நாத்தனார் சீர்

கல்யாணத்துக்கு முன்பே நாத்தனார் சீர் செய்வது எந்த ஊர் வழக்கமோ, தெரியாது. வனஜா செய்தாள். பொம்மனஹள்ளியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் மகராசி, தம்பி குணசேகருக்கு நிச்சயித்த பெண்ணின் மூக்கை எடுப்பாக்கித் தரப்போகிறாளாம். "சப்பையா இருக்கு யாமினி, ஃபோட்டோல எடுக்காது. உள்ள ஜெல்லை நிரப்புற ஃபில்லர் ஊசி ஒண்ணு போட்டா சரியாயிடும். துட்டெல்லாம் வேணாம், என் சீருன்னு வெச்சுக்கோ."

யாமினிக்குப் பயம்தான். ஹெப்பகோடி கம்பெனியில் லென்ஸ் வழியாக சர்க்யூட் போர்டு சோதிக்கிறவள். தன் மூக்கைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆனால் அம்மா தனலக்ஷ்மி, "மாப்ள வூட்டு சீரை வேணாம்னா தப்பா எடுத்துப்பாங்கடி" என்று சொல்லிக் கூடவே கிளம்பிவிட்டாள். வனஜா ஊசி போடக் கற்றது ஒரே ஒரு சனி ஞாயிறில். அதை யாரும் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

மூக்குத்தண்டில் ஊசி இறங்கியதும் இடது கண்ணுக்குள் சுரீரென்று வலித்தது. அடுத்த நொடி அந்தப் பக்கம் இருட்டிவிட்டது.

"அக்கா, கண்ணு தெரியல!"

"பயத்துல பிபி எறங்கியிருக்கும்" என்று வனஜா குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள். வாந்திதான் வந்தது. ஆட்டோவில் ஏற்றிவிடும்போது தனலக்ஷ்மியின் காதருகே குனிந்தாள். "ஊசின்னு சொல்லாதீங்கத்தே. பார்லருக்கு சீல் வெச்சிருவாங்க. அப்புறம் கல்யாணம் எப்படி நடக்கும்?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் மஞ்சுநாத் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஏனாயித்தம்மா, என்னாச்சு? மூஞ்சியில ஏதாவது இஞ்செக்‌ஷன் போட்டீங்களா?"

"இல்ல சார். தூங்கி எழுந்தா இப்படி" என்றாள் அம்மா, மகளின் கையை இறுக்கிக்கொண்டு.

யாமினி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பத்திரிகை ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. பார்வை தானாகத் திரும்பிவிடும், நின்ற கல்யாணம் திரும்பாது என்று அந்த நேரத்தில் அவளுக்கும் தோன்றியது. என்ன புத்தியோ!

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று சாயங்காலமாகிவிட்டது. மூக்குத் தோல் கருநீலமாகத் திட்டுத்திட்டாகப் படர்ந்த பிறகுதான் யாமினி அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். ஃபில்லர் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டது என்று டாக்டர் கத்திவிட்டார். ஃபில்லரைக் கரைக்கும் மருந்தை அவசரமாகப் போட்டார்கள். மூக்கு பிழைத்தது. கண் பிழைக்கவில்லை.

"வந்த ஒடனே சொல்லியிருந்தா பார்வை வந்திருக்கும்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் வனஜா ஆப்பிளும் கையுமாக வீட்டுக்கு வந்தாள். குணசேகர் வரவில்லை. "ஒத்தக் கண்ணு பொண்ணு வேணாம்னு எங்கம்மா பிடிவாதமா சொல்றாங்க. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. நீங்க கேஸு கீஸுன்னு போயிடாதீங்கத்தே, சொந்தமாச்சே."

"எந்தச் சொந்தம்?" என்றாள் யாமினி. "இனிமே நீங்க எங்களுக்கு யாரு? நான் ஸ்டேஷனுக்குத்தான் போறேன்."

வனஜாவின் குரல் மாறியது. "போயேன். ஊசியே போடலன்னு டாக்டர்கிட்ட சொன்னது உங்கம்மாதானே? மொதல்ல அவங்களத்தான் கேப்பாங்க."

தனலக்ஷ்மி எழுந்து செருப்பை மாட்டினாள். "கேக்கட்டும். நானே வந்து சொல்றேன். கண்ணு தெரியலன்னு எம்பொண்ணு கத்தினப்ப நான் சம்பந்தத்தப் பாத்தேன்னு சொல்றேன்."

யாமினி அவளைத் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. முன்னால் நடந்தாள்.