வால் துப்பாக்கி

"வாலுக்குப் பின்னால போகாதடா மடையா!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் தம்பியின் விமானம் தீப்பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. அவன் வேறு ஊரில், நான் என் வீட்டு ஹாலில், காதில் ஹெட்போன், கையில் ஜாய்ஸ்டிக். கம்ப்யூட்டரில் விமானச் சண்டை விளையாட்டு. இரண்டு வருடமாக ஒரே அணி. குண்டுவீச்சு விமானத்தின் வாலில் ஒரு துப்பாக்கிக்காரன் உட்கார்ந்திருப்பான், நேர் பின்னால் போனால் பலி ஆடு மாதிரிதான் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாலும் இவன் மண்டையில் ஏறாது. மேலேயிருந்து, பக்கவாட்டில், அந்தத் துப்பாக்கி திரும்பாத பக்கமாக இறங்க வேண்டும். இறக்கை திரையை நிறைக்கும்வரை சுடக் கூடாது. இஞ்சினில் ஒரே போடு, உடனே விலகிவிட வேண்டும். அதில் என்னை மிஞ்ச அணியில் ஆளில்லை.

புது விமானத்தில் ஏறி வந்தவன், "அம்மாவுக்கு ரெண்டு மணிக்கு ஆபரேஷன்ணே," என்றான். "நீ போன எடுக்கல. அதான் இந்த கேமுக்குள்ள வந்தேன்."

"வலப்பக்கம் பாரு, மூணு வருது."

"மூணு நாளா உன்னத்தான் கேக்குறாங்க. பெரியவன் வரட்டும், அப்புறம் கையெழுத்து போடுறேன்னு ஒரே பிடிவாதம்."

"ஆபீஸ்ல ஆடிட்டுடா. மூச்சு விட நேரமில்ல."

ஞாயிற்றுக்கிழமை ஏது ஆடிட் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பத்தே நாள் என்று சொல்லித்தான் அம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டேன். பதினாலு மாதம் ஆகிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது? சீ, நானெல்லாம் ஒரு பிள்ளை.

மூன்றில் கடைசியாக வந்ததன்மேல் பாய்ந்தேன். இடது இஞ்சின் சிதறி, இறக்கை முறிந்து விழுந்தது. அணிக்காரர்கள் எல்லாரும் கைதட்டல் படம் அனுப்பினார்கள். தம்பி மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை.

"காலையில கையெழுத்து போட்டுட்டாங்க," என்றான். "அவன் என் முகத்தப் பாக்கப் பயப்படுறான், விட்டுடுன்னாங்க."

திரையில் அணிப் பட்டியலில் அவன் பெயர் அணைந்தது.

மனைவி இஸ்திரி போட்ட சட்டையை நாற்காலியில் மாட்டினாள். "பதினோரு மணி பஸ்ஸப் பிடிச்சா, ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடலாங்க."

"இந்த ரவுண்டு முடியட்டும்."

அவள் உள்ளே போனாள். மேகத்துக்கு மேலே இன்னும் ஒன்பது வந்துகொண்டிருந்தன. திரையின் மூலையில் மணி பதினொன்று பத்து. நான் உயரம் ஏறிக்கொண்டிருந்தேன்.