கம்பிக்கழுத்திக்குப் பூ கேட்டது

கம்பிக்கழுத்தியைச் சாகடிப்பதா வேண்டாமா என்று புவனாவும் அஃப்ஷீனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் மற்றவர்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்க, இவர்களுக்கு இதுதான் கவலை.

கம்பிக்கழுத்தி ஒரு ஜப்பான் கார்ட்டூன் படத்துப் பெண். பாதி உடம்பு இரும்பு, பின்கழுத்தில் ஒயர் தொங்கும். மழை விடாத ஒரு நகரத்தில் கம்பெனி சொன்ன இடத்துக்கெல்லாம் போய்ப் பூட்டை உடைப்பாள். நிஜப்பெயர் இவர்களுக்குத் தெரியாது. அஃப்ஷீனின் மாமா அப்துல் நாசர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் எல்லாரும் ஜப்பான் பாஷையில் பேசினார்கள், கீழே ஒரு எழுத்தும் ஓடவில்லை. அதனால் என்ன? பெயரையும் வசனத்தையும் இவர்களே வைத்துக்கொண்டார்கள். இன்னொரு கேசட்டில் ஒரு ஒற்றைக்கை வாலிபன் செத்த ரோபோக்களைப் பிரித்து விற்றான். அவனுக்குக் காயலான் என்று பெயரிட்டது அஃப்ஷீன். உக்கடத்தில் அவள் வீட்டுக்கு எதிரே பழைய இரும்பு வாங்கி விற்கும் காயலான் கடை இருந்தது.

இரண்டு படத்திலும் மழை, இரண்டிலும் கம்பெனிக்காரன் கெட்டவன். அப்புறம் எதற்கு அவர்கள் தனித்தனிப் படத்தில் கிடந்து கஷ்டப்பட வேண்டும்? ஒரே ஊரில் கொண்டுவந்து விட்டு, கதையைத் தங்கிலீஷில் அடித்து ஒரு பிளாப்பியில் வளர்த்தார்கள். கம்பிக்கழுத்தி புவனாவுடையவள், காயலான் அஃப்ஷீனுடையவன்.

கம்பிக்கழுத்திக்கு ஒரு கஷ்டம் வைத்தது புவனாதான். கம்பெனி அவள் கழுத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர் சில்லைப் பதித்திருக்கிறது. "உனக்கு எங்கே போக இஷ்டம்?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். அவளும் யோசித்து ஒரு இடத்தைச் சொல்வாள். அது கம்பெனி ஏற்கெனவே முடிவுசெய்த இடமாகவே இருக்கும். ஆனால் தன் இஷ்டம்தான் என்று அவள் நம்புவாள். காயலான் அந்தச் சில்லைப் பிடுங்கலாம். பிடுங்கினால் உயிர் போகலாம்.

"எனக்கென்னவோ அவ செத்தாத்தான் கதை நல்லாருக்கும் புள்ள," என்றாள் அஃப்ஷீன்.

"பூக் கேட்டுரலாம்," என்றாள் புவனா.

புவனாவின் ஊரான அன்னூர்ப் பக்கம் பெண் பார்ப்பதோ, கிணறு வெட்டுவதோ, பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளை அரளியை ஒரு பொட்டலம், சிவப்பரளியை ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நடத்து, சிவப்பு வந்தால் நிறுத்து. கதை முட்டிக்கொள்ளும்போதெல்லாம் இவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அஃப்ஷீனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "உங்க சாமி நல்ல கதைக்காரருடி," என்பாள்.

அன்று பொட்டலம் கட்டியது புவனா. வெள்ளை வந்தால் கம்பிக்கழுத்தி பிழைப்பாள் என்று பேச்சு. அஃப்ஷீன் எடுத்தாள், வெள்ளை. சந்தேகப்பட்டு மற்றதையும் பிரித்தாள். அதுவும் வெள்ளை.

"அடிப்பாவி! சாமியவே ஏமாத்துறியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கேக்கறதுன்னா ரெண்டுக்கும் துணிஞ்சு கேக்கணும் புள்ள. இல்லாட்டி எதுக்குக் கேக்கணும்?"

புவனாவுக்கு வெட்கமாகிவிட்டது. கம்பிக்கழுத்தி சாவதை அவளால் தாங்க முடியாது, அவ்வளவுதான். முடிவை எழுதாமல் விட்டார்கள்.

அந்த வாரமே வீட்டில் இரண்டு செய்திகள் வந்து சேர்ந்தன. பெங்களூரில் கார்ட்டூன் படம் செய்யச் சொல்லித்தரும் இரண்டு வருஷப் படிப்பில் புவனாவுக்கு இடம் கிடைத்திருந்தது. பெருந்துறையிலிருந்து கிருபாசங்கர் என்ற நூல் மில்காரப் பையனின் ஜாதகமும் பொருந்தியிருந்தது. படிப்பு முடியும்வரை காத்திருக்க மாப்பிள்ளை வீட்டார் தயாரில்லை.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'வலிக்குதுங்களா?' என்று கேட்டுக்கொண்டுதான் அறுப்பார்கள். புவனாவின் அப்பா கோபாலசாமி அந்த வகையில் தங்கம். பெற்ற மகளைக்கூட ஒருநாளும் அதட்டியதில்லை. ஒரு அப்பன் கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இவரிடம் என்ன செய்வது?

"எனக்குப் படிக்கணுங்கப்பா," என்றாள் புவனா.

அவர் மெல்லத் தலையாட்டினார். "சரிங்கம்மணி. நீயும் முடிவு பண்ண வேண்டாம், நானும் பண்ண வேண்டாம். குலசாமிகிட்ட பூக் கேட்டுப்போடலாம். வெள்ளை வந்தாக் கல்யாணம். செவப்பு வந்தாப் பெங்களூரு. நானே கொண்டுபோயி உட்டுப்போட்டு வாரேன்."

அப்பா வாக்குத் தவற மாட்டார். சிவப்புக்கும் பாதி வாய்ப்பு இருக்கிறதே என்று புவனா இரவெல்லாம் சிவப்பு அரளியையே நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

கோயிலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். பொட்டலங்களை அப்பாவே தோட்டத்துப் பூவில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பூசாரி அவற்றை அம்மன் காலடியில் உருட்டிவிட்டார். வழக்கமாக ஒரு சின்னக் குழந்தையைத்தான் எடுக்கச் சொல்வார்கள்.

"அம்மணியே எடுக்கட்டுங்க," என்றார் அப்பா. "அவ கையாலயே வரட்டும்."

அந்த நல்ல மனசை எல்லாரும் மெச்சினார்கள். புவனா கண்ணை மூடிக்கொண்டு வேண்டினாள், எடுத்தாள், பூசாரியிடம் நீட்டினாள்.

வெள்ளை.

குலவைச் சத்தம் கேட்டது. அம்மா அழுதுகொண்டே திருநீறு பூசினாள். எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், புவனா குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்தாள். எடுக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் ஒருமுறை தானே அப்படிக் கட்டியவளுக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நூலை அவிழ்த்தாள். அதிலும் வெள்ளை அரளிதான் இருந்தது.

கையை மூடிக்கொண்டாள். கூட்டத்தைத் தாண்டி அப்பாவிடம் போனாள்.

"அப்பா, இன்னொரு பொட்டலத்துல என்னங்க இருந்துச்சு?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மூடிய கையைப் பார்த்தார். விரலிடுக்கில் இதழ் ஒன்று தெரிந்தது.

"செவப்புத்தாங் கண்ணு," என்றார் மெதுவாக. "வேறென்ன இருக்கும்?"

அவர் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் பூசாரி, சம்பந்தி வீட்டார், ஊர்ச் சனம். கையை விரித்தால் போதும், கல்யாணம் நின்றுவிடும். சாமி முன்னால் பொய் சொன்னவர் என்று அப்பாவின் பெயரும் அன்றோடு போய்விடும். அதற்கப்புறம் அவர் யார் முகத்தில் விழிப்பார்? அவள் கையை விரிக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்தப் பூ உள்ளங்கையிலேயே கசங்கிக் கிடந்தது.

சென்டருக்குப் போவது அன்றோடு நின்றது. அஃப்ஷீன் போன் செய்தபோது கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்து சீர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கே புள்ள ஆளையே காணோம்? கம்பிக்கழுத்தி ஆபரேஷன் மேசையில படுத்துக் கிடக்கறா. பொட்டலம் கட்டட்டுமா?"

"ரெண்டுலயும் வெள்ளைதான் அஃப்ஷீன்," என்றாள் புவனா சன்னமாக.

"மறுபடியுமா? இந்தத் தடவை யாரு கட்டினது?"

"எங்கப்பா."

கல்யாணப் பேச்சு நடப்பது அஃப்ஷீனுக்குத் தெரியும்.

"நான் வந்து உங்கப்பாகிட்டச் சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்லுவே? அவருக்குத் தெரியாததையா?"

"பாவிகளா," என்றாள் அஃப்ஷீன், அழுகிற குரலில். "அப்ப இவளை என்ன பண்றது?"

"இனி அவளுக்குப் பூக் கேக்காதே. சில்லைப் பிடுங்கச் சொல்லு. செத்தாலும் பரவால்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. அவளை நேராகப் பார்க்காமல், எப்போதும் போலத் தணிந்த குரலில் கேட்டார்.

"கூரைப்புடவை என்ன கலர்ல வேணுங்க கண்ணு? உன்ற இஷ்டந்தான். நீ சொல்றதுதான்."

புவனாவுக்குள் என்னவோ கொதித்து ஏறிற்று. அவர் மறைத்ததை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"செவப்புங்கப்பா," என்றாள்.

அப்பாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அதற்குள் அம்மா பூரிப்போடு அட்டைப்பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினாள்.

"பாத்தீங்களா! நாங்க நேத்தே எடுத்து வெச்சதையே எம்பட புள்ள கேக்கறா!"

பெட்டிக்குள் சிவப்புப் பட்டு மடித்து வைத்திருந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது. யாரோ அதை எடுத்து அவள் தோளில் போட்டுப் பார்த்து, ரொம்பப் பொருத்தம் என்றார்கள்.