பங்கேற்புக்கு முழு மார்க்

"சபையில நீ வாயத் தொறந்தா, திரும்பி இந்த வீட்டுக்கு வராத" என்றான் லாரிக்காரன், தலை வாரிக்கொண்டிருந்த மனைவியிடம்.

"அப்ப எதுக்கு என்னைக் கூப்பிடுறீங்க?"

"பாதிப் பேர் பொம்பளைங்களா இருந்தாத்தான் கூட்டத்துக்கு மார்க்காம். சும்மா உக்காந்துட்டு வா. உக்கார்றதுக்கு என்ன வலிக்குது?"

வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிக்கும் ஆலை வரப்போகிறது. அதைப் பற்றி ஊராரிடம் கருத்துக் கேட்கத்தான் அன்றைய கூட்டம். குப்பை ஏற்றும் வேலை அவன் லாரிக்குத்தான் என்று பேச்சு முடிந்திருந்தது. அவர்கள் மகளுக்கோ, எதிர்வீட்டில் சருகு கொளுத்தினாலே மூச்சு இழுக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள்.

கூட்டத்தில் சமத்துவம் வழிந்தது. ஆண்கள் மின்விசிறிக்கடியில், பெண்கள் சுவரோரம். மைக்கின் வயர் பெண்கள் வரிசை வரைக்கும் எட்டாது. அது வயரின் குற்றம். ஆலையின் பொறியாளர் புகைபோக்கியின் அழகை முன்வரிசைக்கு விளக்கி முடித்தார். லாரிக்காரன் எழுந்து, "எங்க தெருவுக்குப் பூரண சம்மதம்" என்றான். தெரு என்றால் அவன்தான்.

அடுத்து எழுந்தவர் மதிப்பீட்டாளர். ஆலை வேண்டுமா வேண்டாமா என்பது அவர் வேலையில்லை. மக்கள் எவ்வளவு தரமாகப் பங்கேற்றார்கள் என்று அளப்பதுதான் வேலை. அவள் மடியில் இருமிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்து மகிழ்ந்தார்.

"அடடே, இளைய தலைமுறையும் வந்திருக்கு. அதுக்குத் தனி மார்க் உண்டு."

பிறகு சபையைக் கேட்டார்: "பேச வாய்ப்புக் கிடைக்காதவங்க யாராச்சும் இருந்தா கை தூக்குங்க."

இதுவரை எந்த ஊரிலும் இதற்குக் கை எழுந்ததில்லை. இங்கே ஒன்று எழுந்தது. லாரிக்காரன் முகம் கறுத்தது.

மதிப்பீட்டாளர் ஒரு கணம் திகைத்தார். உடனே தெளிந்தார்.

"பாருங்க, கை தூக்கி உங்க கருத்தச் சொல்லிட்டீங்களே. அதுதாம்மா பங்கேற்பு. முழு மார்க். கைய இறக்குங்க."

ஆண்கள் கைதட்டினார்கள். அவள் கை அப்படியே நின்றது.

லாரிக்காரன் வரிசை தாண்டி வந்து காதருகே சீறினான். "மானம் போகுது. இறக்குடி."

"இறக்கினா என்னையும் சம்மதம்னு கணக்குல சேத்துருவாங்க" என்றாள் அவள், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி.

கைதட்டல் நின்றது. சுவரோரம் இன்னொரு கை எழுந்தது. அது அவள் மாமியாருடையது.