சாமி அலுமாரி விஸ்கி

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம்.

ஹில்ஸ்பரோவில் இருக்கும் குணரத்தினத்தின் மருமகன் வசீகரன் இணையத்தில் படித்து விஸ்கி நிபுணன் ஆனவன். மூக்குக்குச் சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியவன். டோக்கியோவிலிருந்து ஒரு விலையுயர்ந்த ஜப்பானியக் கலப்பு விஸ்கி கொண்டுவந்தான், மாமனாருக்குக் கொடுக்க அல்ல, காட்ட. ஆளுக்கு ஒரு மூடியளவு ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தன் வீடு இருக்கும் பாபடோயிட்டோய்க்குத் திருப்பிக் கொண்டுபோவதாக உத்தேசம். குணரத்தினத்துக்கோ முழுப் போத்தலும் வேண்டும்.

அவர் சாமி அலுமாரியைத் திறந்து, சந்தனத்துக்கும் ஊதுபத்திக்கும் நடுவே ஒளித்திருந்த கிளாஸ்களை எடுத்தார். மனைவி சரோஜாதேவி சந்தேகப்படாத ஒரே இடம் அது.

வசீகரன் விஸ்கியை ஊற்றினான், கூடவே வரலாற்றையும்.

"நூறு வருசத்துக்கு முந்தி ஒரு ஜப்பான்காரர் ஸ்கொட்லாந்துக்குப் போய்ப் படிச்சு வந்தவர் மாமா. ஆனா ஜப்பான் கம்பனியள் ஒண்டுக்கொண்டு விஸ்கி குடுக்காது. கலக்கிறதுக்கு வேண்டிய எல்லா வகையையும் அவையவை தாங்களே வடிக்க வேணும்."

"எங்கட தமிழ்ச் சங்கங்கள் மாதிரி எண்டு சொல்லும்."

வசீகரன் கண்ணை மூடி மோந்தான். "ஜப்பான் ஓக் மரப் பீப்பா மாமா. சந்தனம் மணக்குது. ஊதுபத்தி. கோயிலுக்க நிக்கிற மாதிரியே இருக்கு."

குணரத்தினம் அவன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். அடியில் விபூதி ஒட்டியிருந்தது.

"மூக்கெண்டா இது மூக்கு! தம்பி, உள்ளே என்னட்டையும் ஒண்டு இருக்கு, முப்பது வருசப் பழசு. அது இதைவிடத் திறமெண்டு உம்மட வாயாலயே சொன்னா, இந்தப் போத்தல் இஞ்சதான் நிக்கும். சரியே?"

"ஓம் மாமா. என்ர மூக்கு பொய் சொல்லாது."

குணரத்தினம் குசினிக்குப் போனார். காலையில் போட்டு ஆறிப்போயிருந்த, பால் விடாத வெறுந்தேத்தண்ணியை இன்னொரு சாமி அலுமாரி கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்தார்.

வசீகரன் மோந்தான். ஒரு மிடறு குடித்தான். அவன் வலக்கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஐயோ மாமா! சந்தனம் ரெண்டு மடங்கு. முடிவில பீப்பாவின்ர துவர்ப்பு. எரிவே இல்லை, அவ்வளவு பழுத்திருக்கு!"

"ஓம், எரியாது," என்றார் குணரத்தினம்.

நிபுணன் போத்தலை மேசையில் வைத்து, அதை ஒருமுறை தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வெறுங்கையோடு காரோட்டிப் போனான்.

நம்பாதவர்கள் ஹில்ஸ்பரோவுக்குப் போய்ப் பார்க்கலாம். சாட்சிக்கு அந்தப் போத்தல் இன்றும் சாமி அலுமாரியில் நிற்கிறது, அன்று அத்தனை ஊற்றிய பிறகும் கழுத்துவரை நிறைந்து, மூடியின் முத்திரைகூட உடையாமல்.