பயம் பத்து, நாடி நாற்பது

1

இந்தக் கதையை நான் திருடினேன்.

'ஆண்களுக்கு மட்டும்' என்று தாள் ஒட்டிய ஓர் அறையில், வியாழக்கிழமை மாலைகளில், எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து தங்கள் பயங்களைப் பற்றிப் பேசுவார்கள். ஏழு வாரம் நானும் அதில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் புறாவைக் கண்டால் ஆகாது. சிரிக்க வேண்டாம், புறா உங்களைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பதில்லை. அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று முதல் நாளே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். அதே கையால்தான் இதை எழுதுகிறேன்.

ஆளடையாளம் தெரியக் கூடாது என்று, லிஃப்டுக்குப் பயந்தவரை நாய்க்குப் பயந்தவராக மாற்றினேன். உண்மையிலேயே நாய்க்குப் பயந்தவரைக் கதையை விட்டே எடுத்துவிட்டேன். மனிதர் ஏழு வாரமும் வாயே திறக்கவில்லை, எடுத்தது அவருக்கே தெரியாது. ஒருவரை மட்டும் மாற்ற முடியவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை.

முதல் தொடக்கம்: 'தையற்காரருக்கு ஊசி என்றால் பயம்.' நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததால் அடித்துவிட்டேன். இப்படி ஒரு வரியைப் படித்ததும் நீங்கள் சிரித்துவிடுவீர்கள்; அப்புறம் அந்த மனிதரை நான் என்ன பாடுபடுத்தினாலும் உங்களுக்கு உறைக்காது.

இரண்டாவது: 'ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில் மங்கிய வெளிச்சம் அவருடைய மனத்தைப் போலவே' (நிறுத்து. எந்த ஆஸ்பத்திரியில் வெளிச்சம் மங்கலாக இருக்கிறது? கண் கூசும்.)

மூன்றாவது: 'அவர் வெல்டர்.'

இருக்கட்டும்.

2

அவர் வெல்டர். இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறை. நாற்பத்திரண்டு வயது. இரண்டு முன்கையிலும் தீப்பொறி விழுந்து ஆறிய தழும்புகள், எண்ணினால் ஒரு ஜாதகம் எழுதலாம். ஒருநாள் உருகிய இரும்புத்துளி ஒன்று ஷூவுக்குள் இறங்கிவிட்டது. கையில் இருந்த பற்றவைப்பை முடித்து, தட்டிப் பார்த்து, திருப்தியான பிறகுதான் ஷூவைக் கழற்றினாராம். (இதை அவரே சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர். அந்த இலாகா என்னுடையது.)

ஆனால் ஊசியைக் கண்டால் முகம் சுண்ணாம்பாகி, நின்ற இடத்தில் சரிவார்.

அவருடைய அண்ணன் பஸ் டிரைவர். அண்ணனுக்கு ரத்தம் கெட்டுவிட்டது. ரத்தம் உண்டாகிற எலும்பு மஜ்ஜையே கெட்டுவிட்டது. வேறொருவருடைய மஜ்ஜையின் விதைகளை (டாக்டர் பாஷையில் ஸ்டெம் செல்) ஏற்ற வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாருடைய கன்னத்தின் உட்புறத்தையும் பஞ்சுக் குச்சியால் தடவிப் பார்த்ததில், பொருந்தியது வெல்டருடையது மட்டும்தான். பஞ்சு என்பதால் தைரியமாகவே வாயைத் திறந்திருந்தார். அடுத்து ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டு, கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நர்ஸ் ஊசி எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஆள் காணாமல் போனார். பட்டையோடு இரண்டு கிலோமீட்டர் நடந்து பட்டறைக்கு வந்து, நீலம் பாரித்த கையோடு வேலையைத் தொடங்கிவிட்டார். தகரம் வெட்டுகிற கத்தரியால் பட்டையை வெட்டி எடுத்தார்கள்.

"இரும்பையே உருக்குறவன் நீ, உனக்கு என்னடா?" என்றார் அண்ணன்.

"இரும்பு என்னைக் குத்தாதுண்ணே. நான்தான் அதைக் குத்துவேன்."

அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "முடியாதுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிடு. பின்னாடி சொன்னா எனக்குத் திரும்பிப் போக வழி கிடையாது" என்றார்.

அதை டாக்டர் முன்பே விளக்கியிருந்தார். புது விதையை ஏற்றுவதற்கு முன், அண்ணனுடைய பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து ஒரு துளி மிச்சமில்லாமல் அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் உடம்பில் ரத்தம் ஊற இடமே கிடையாது. அந்த நிலையில் தம்பி தராமல் போனால், என்று தொடங்கிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முடிக்காத வாக்கியத்தை நான் முடிப்பதாக இல்லை.

வெல்டருக்கு ஏழு வாரம் கொடுத்து, எங்கள் அறைக்கு அனுப்பினார்கள்.

3

இந்த இடத்தில், அவருக்கு ஏன் ஊசியென்றால் பயம் என்று நீங்கள் கேட்பீர்கள். சின்ன வயதில் என்னவோ நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள். நானும் ஆசைப்பட்டேன். மூன்று காரணங்கள் எழுதினேன். ஒன்றில் ஒரு கம்பவுண்டர் வந்தான், ஒன்றில் செத்துப்போன தகப்பனார் வந்தார், மூன்றாவதில் (சொல்ல வெட்கமாக இருக்கிறது) ஒரு தேள்.

எங்கள் ஆலோசகரும் அவரிடம் இதையே கேட்டார். நடுவயதுப் பெண்மணி; எட்டு ஆண்களின் பயத்தையும் ஒரே நோட்டில் எழுதுவார்.

"சின்ன வயசுல ஏதாவது…?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"நல்லா யோசிங்க."

"யோசிச்சேன். நல்லாத்தான் வளர்த்தாங்க."

ஆகவே தேள் போயிற்று.

4

சிகிச்சை என்பது ஏணி. முதல் படியில் 'ஊசி' என்று எழுதிய தாள். அடுத்ததில் படம். அப்புறம் மேஜையில் உறையோடு ஊசி, உறையில்லாத ஊசி, கையில் ஊசி. ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். மூச்சை மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டு, தோளைத் தளர்த்தி, வயிற்றைத் தளர்த்தி, காலைத் தளர்த்தி, எண் இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டுப் பேருக்கும் பாடம் ஒன்றுதான். நானும் தளர்ந்தேன், புறா தளரவில்லை.

வெல்டரைப் போலப் படித்தவர் எங்களில் யாரும் இல்லை. பட்டறையில் முகமூடியை இறக்கிக்கொண்டு அதற்குள்ளேயே மூச்சுவிட்டுப் பழகினார். தொண்ணூற்றைந்து அறுபதாயிற்று. அறுபது முப்பதாயிற்று. ஆறாவது வாரம் திறந்த ஊசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பத்து" என்றார்.

நாய்க்காரருக்குப் பொறுக்கவில்லை. "யோவ், நீ பத்துக்கு வந்துட்ட. நான் இன்னும் நாய்க்குட்டி படத்தையே தாண்டல."

"குட்டிக்குப் பல்லே இருக்காதேய்யா."

"அதைத்தான்யா அது மறைச்சு வச்சிருக்கு!"

எல்லாரும் சிரித்தோம். ஆலோசகரும் சிரித்தார். ஏழாவது வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். ஒரு நிமிட வேலை. மூச்சை மெதுவாக விட்டபடி கொடுத்துவிட்டு வந்தார். கைதட்டினோம். படுத்திருக்கிறவர் எங்கே விழுவது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆலோசகர் 'இவர் தயார்' என்று கடிதம் எழுதினார். அதைப் படித்த அண்ணன், தம்பி முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மஜ்ஜையை அழிக்கிற மருந்து திங்கட்கிழமை காலையில் ஏறத் தொடங்கியது.

(இதற்குமேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. அரைகுறையாகக் காதில் விழுந்ததோடு என் கைச்சரக்கையும் சேர்த்திருக்கிறேன். எது எது என்று கேட்காதீர்கள்.)

5

விதைகள் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு இறங்கிவர, வெல்டருக்கும் ஐந்து நாள் ஊசி போட வேண்டும். முதல் ஊசி அன்று மத்தியானம். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"பயமா இருக்கா?" என்றாள் நர்ஸ்.

"பத்துதான்மா" என்று மூச்சை அழகாக வெளியே விட்டு, தோளைத் தளர்த்தி, வயிற்றைத் தளர்த்தி, காலைத் தளர்த்தி, நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தார். நாடி நாற்பது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

டாக்டர் ஆலோசகரைக் கூப்பிட்டு அனுப்பினார். விதை எடுக்கும்போது இரண்டு கையிலும் ஊசியோடு நான்கு மணி நேரம் சாய்ந்திருக்க வேண்டும். நடுவில் நாடி இப்படி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தி ஊசியை உருவுவதைத் தவிர வழியில்லை.*

(* மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்தே எடுக்கலாமே என்று கேட்கும் விவரமான வாசகருக்கு: கேட்டார்கள். மயக்க மருந்து டாக்டர் வெல்டருடைய நெஞ்சுப் படத்தைப் பார்த்தார். இருபது வருஷத்து வெல்டிங் புகை அதில் இருந்தது. தலையை ஆட்டிவிட்டார்.)

ஆலோசகர் தன் நோட்டைப் புரட்டினார். முதல் வாரத்துப் பக்கத்தில், அவருடைய கையெழுத்திலேயே, 'ஊசியைக் கண்டால் மயங்குகிறார்' என்று இருந்தது. நாயோ லிஃப்டோ புறாவோ, மற்ற பயங்களில் நெஞ்சு படபடவென்று ஏறும். அதை இறக்கத்தான் தளர்த்துவது. ரத்தம், ஊசி இவற்றைப் பற்றிய பயத்தில் மட்டும் ஏறிய நெஞ்சு தடாலென்று தானே இறங்கிவிடும். அங்கே இறுக்க வேண்டும். இது அவர் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பாடமாக நடத்திவிட்டார்.

(முதல் பிரதியில் இந்தப் பெண்மணியைக் கெட்டவளாக எழுதினேன். உதட்டுச் சாயம்கூடப் பூசினேன். பிறகு அவர் செய்ததை எழுத வேண்டிவந்தது, சாயம் நிற்கவில்லை.)

அவர் செய்தது இது: தாழ்வாரத்து பெஞ்சில் வெல்டருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடது."

"எது மேடம்?"

"உங்களைத் தளர்த்தச் சொன்னேன். இறுக்கச் சொல்லியிருக்கணும்."

வெல்டர் யோசித்தார். "அப்போ ஏழு வாரமா நான் விழறதுக்குத்தான் பழகிட்டு இருந்தேனா?"

ஆலோசகர் தலை குனியவில்லை. "ஆமா."

"இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"மூணு ஊசி. அப்புறம் அந்த நாள்."

"கத்துக் கொடுங்க."

தொடை, வயிறு, பிட்டம் எல்லாவற்றையும் ஒருசேர இறுக்கி, முகம் சூடாகும்வரை பதினைந்து எண்ண வேண்டும். பாதி தளர்த்த வேண்டும். மறுபடி இறுக்க வேண்டும். கை மட்டும் அசையக் கூடாது. அங்கே ஊசி இருக்கும்.

"பெரிய இரும்புக் கர்டர் தூக்குறப்போ இப்படித்தான் வரும்" என்றார் வெல்டர்.

"அதேதான். தூக்குங்க."

தானே எண்ணினால் ஏழுக்கு மேல் அவருக்கு எண் தவறிப்போயிற்று. ஆகவே ஆலோசகர் எண்ணினார். புதன்கிழமை உதடு வெளுத்தது, விழவில்லை. வியாழக்கிழமை விழுந்தார். வெள்ளிக்கிழமை விழவில்லை.

மூன்றில் இரண்டு. வேறு கதையாக இருந்தால் நல்ல மதிப்பெண்.

6

அண்ணனைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். தலையிலும் புருவத்திலும் முடி இல்லை. அண்ணி வெளியே நின்று, பேசுகிற கருவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

"விழுந்தியாமே?"

"யார் சொன்னா?"

"உங்க அண்ணி. எத்தனை தடவை?"

"மூணு."

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பத்துன்னியேடா."

"இப்பவும் பத்துதாண்ணே. பயமே இல்ல. விழுந்துடறேன், அவ்வளவுதான்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. நின்றபோது அவருடைய ஈறில் ரத்தம் தெரிந்தது.

"எனக்குத்தாண்டா பயமா இருக்கு" என்றார்.

"எவ்வளவுண்ணே?"

"நூறு."

அந்த ஏணியில் நூறு என்று சொன்னவர்களிடம் ஆலோசகர் மூச்சை மெதுவாக விடுங்கள் என்பார். அதை இப்போது சொல்லலாமா கூடாதா என்று வெல்டருக்குத் தெரியவில்லை. கருவியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அண்ணனும் கீழே வைக்கவில்லை.

(இங்கே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன்)

7

சனிக்கிழமை காலை. சாய்வு நாற்காலி, இரண்டு கையிலும் ஊசி, ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், விதையை விட்டுவிட்டு, மறு கைக்குத் திரும்புகிறது. மேலே ஒரு சின்னப் பை. அது நிரம்ப வேண்டும். மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ) பை நிரம்பியது. இதை எழுதும்போது பேனா தானாக ஓடியது. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

ஆ) இரண்டாவது மணியில் வெல்டர் சரிந்தார், ஊசியை உருவினார்கள். பாதிப் பை. போதும் என்றும் சொல்ல முடியாது, போதாது என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இதை எழுதிவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இ) வெல்டர் இறுக்கிய இறுக்கில் நாற்காலியின் திருகாணிகள் தெறித்து, ஒன்று கூரையில் போய்க் குத்தி நின்றது. இது என் வழக்கமான சரக்கு. இந்த மனிதரிடம் எடுபடவில்லை.

மூன்றையும் அடித்துவிட்டேன். மிஞ்சியிருப்பதைத் தருகிறேன்.

மூன்றாவது மணி முடியப் போகிறது. ஆலோசகர் காலையிலிருந்து பதினைந்து பதினைந்தாக முந்நூறு தடவை எண்ணிவிட்டார். குரல் கம்மி, பிறகு காற்றாகி, இப்போது உதடு மட்டும் அசைகிறது. வெல்டர் கண்ணை மூடியிருப்பதால் உதட்டைப் பார்க்க வழியில்லை. நர்ஸுக்கு இயந்திரத்தின் எண்களை விட்டு வேறு எண்ணில் கவனம் வைக்க முடியாது. அண்ணி அங்கே, அண்ணனின் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். எழுதுகிறவனுக்கு அந்த அறையில் குரல் கிடையாது. வெல்டரின் தொடை நடுங்குகிறது, முகத்தில் நிறம் இறங்குகிறது, நாடி ஐம்பத்திரண்டு, பையில் இன்னும் இரண்டு விரல் இடம் இருக்கிறது. பதினொன்று வரைக்கும் அவர் காதில் விழுந்தது.

பன்னிரண்டை உங்களில் யாராவது சொல்ல வேண்டும். மனத்துக்குள் அல்ல, வாய்விட்டு.